இருபத்தேழு எழுத்தில் இரண்டு ஓசை

குறள் வெண்பாவின் வடிவத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று சீர், சீருக்கும் சீருக்கும் இடையில் வெண்டளை, இறுதிச் சீர் ஓரசையாகவோ ஓரசையோடு உகரம் ஒட்டியதாகவோ நிற்றல் என்ற அளவில் அதன் இலக்கணம் அடங்கிவிடும். திருக்குறளின் 1330 பாடல்களும் இந்த ஒரே யாப்பில் அமைந்தவை என்பதால், அவை எல்லாம் ஏறத்தாழ ஒன்றுபோலவே ஒலிக்கும் என்று தமிழறியாத ஒருவர் எண்ணினால் அவரைக் குறை சொல்ல முடியாது. தமிழ்க் காதுக்கோ அவை ஒன்றுபோல ஒலிப்பதில்லை. ஒரு குறள் கல்லை உடைப்பது போலவும் மற்றொன்று நீரில் வழுக்கிச் செல்வது போலவும் கேட்கிறது. யாப்பு ஒன்றாக இருக்க ஓசை எங்கே பிரிகிறது என்பதே இங்கு ஆராயத்தக்க வினா. அதற்கு 391ஆம் குறளையும் 341ஆம் குறளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்ல வழியாக அமைகிறது. முன்னது கல்வி அதிகாரத்தின் முதற்குறள். பின்னது துறவு அதிகாரத்தின் முதற்குறள். இரண்டும் பலருக்கு மனப்பாடமானவை.

அலகிடுதல் என்பது பாடலை அசையாகவும் சீராகவும் பிரித்து வாய்பாடு கூறுதல். அசை இரண்டு வகைப்படும். குறிலோ நெடிலோ தனித்து வந்தாலும், பின்னால் ஒற்று அடுத்து வந்தாலும் அது நேரசை. இரு குறில் இணைந்தோ குறிலும் நெடிலும் இணைந்தோ வந்து, ஒற்று அடுத்தாலும் அடுக்காவிட்டாலும் அது நிரையசை. 'பல்', 'தா', 'தாள்' ஆகியன நேர். 'படி', 'படம்', 'விழா' ஆகியன நிரை. இந்த அசைகள் இரண்டிரண்டாகச் சேரும்போது தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என்னும் இயற்சீர்கள் நான்கும், அவற்றின் இறுதியில் ஒரு நேர் சேரும்போது காய்ச்சீர்கள் நான்கும் பிறக்கின்றன. ஒரு சீரின் இறுதியும் அடுத்த சீரின் முதலும் பொருந்தும் முறையே தளை எனப்படும். மாச்சீருக்குப் பின் நிரையும், விளச்சீருக்குப் பின் நேரும், காய்ச்சீருக்குப் பின் நேரும் வருவதே வெண்டளை. வெண்பாவில் வேறு எதற்கும் இடமில்லை. முடிவில் நிற்கும் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளே உண்டு.

வெண்பாவின் ஓசையைச் செப்பலோசை என்பர். பாடுதலைவிடச் செப்புதலுக்கு, அதாவது ஒருவருக்கு விடையாக எடுத்துச் சொல்லுதலுக்கு நெருங்கிய ஓசை அது. காய்ச்சீர்களின் தளையே வந்தால் ஏந்திசைச் செப்பல், இயற்சீர்களின் தளையே வந்தால் தூங்கிசைச் செப்பல், இரண்டும் கலந்து வந்தால் ஒழுகிசைச் செப்பல் என்று பிற்கால யாப்பு நூல்கள் அதை மூன்றாக வகுக்கின்றன. அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகை வழியாக யாப்புக் கற்ற எவரும் ஒரு குறளைக் கண்டால் முதலில் செய்வது அலகிட்டு, தளை பார்த்து, இம்மூன்றில் ஒன்றைப் பெயராகச் சூட்டுவதுதான். பெரும்பாலான பாடநூல்களும் அத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. ஓசைக்குப் பெயர் கிடைத்துவிட்டதால் ஓசையே கிடைத்துவிட்டது என்ற நிறைவு அதில் இருக்கிறது.

அந்த நிறைவு எவ்வளவு ஆதாரமற்றது என்பதை மேற்சொன்ன இரண்டு குறள்களும் காட்டுகின்றன. 391ஆம் குறளை அலகிட்டால் தேமா, கருவிளம், கூவிளம், கூவிளம், தேமா, புளிமா, மலர் என்று வருகிறது. 341ஆம் குறளில் முதல் மூன்று சீரும் கூவிளம். பிறகு தேமா, புளிமா, புளிமா, மலர். இரண்டிலும் ஒரு காய்ச்சீர்கூட இல்லை. இரண்டும் முழுக்க இயற்சீர் வெண்டளையால் ஆனவை. ஆகவே இரண்டும் தூங்கிசைச் செப்பல். இரண்டும் 'மலர்' என்னும் ஒரே வாய்பாட்டில் முடிகின்றன. இன்னும் நெருங்கி எண்ணினால் ஒற்றுமை வியப்பூட்டும் அளவுக்குச் செல்கிறது. ஒவ்வொன்றிலும் மொத்தம் 27 எழுத்து. அவற்றுள் உயிரும் உயிர்மெய்யும் 19, புள்ளி பெற்ற ஒற்று 8. காரிகையின் அளவுகோலால் பார்த்தால் இவை இரட்டைப் பிள்ளைகள். ஆனால் இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பவர் எவரும் இவற்றை ஒரே ஓசை என்று ஒப்பமாட்டார்.

வேறுபாடு முதலில் எழுத்தின் இனத்தில் தொடங்குகிறது. 391இன் 27 எழுத்துகளில் 23 வல்லினம்; மெல்லினம் இரண்டு, இடையினம் ஒன்று, தனி உயிர் ஒன்று. ஐந்தாம் சீரையும் ஆறாம் சீரையும் புணர்த்திப் படித்தால் அந்தத் தனி உயிர் வகர உடம்படுமெய்யோடு சேர்ந்து இடையினமாகும். அதனால் மொத்த எண்ணிக்கை மாறாது, அசையும் மாறாது. 341இல் வல்லினம் 6 மட்டுமே. மெல்லினம் 13, இடையினம் 5, தனி உயிர் 3. அதாவது ஒன்றில் நாக்கு முட்டித் திறக்கும் ஒலிகளே நிறைந்திருக்க, மற்றொன்றில் மூக்கின் வழியாக நீளும் ஒலிகள் பாதியளவு இருக்கின்றன. தொல்காப்பியர் செய்யுளியலில் கூறும் இருபது வண்ணங்களுள் வல்லிசை வண்ணம், மெல்லிசை வண்ணம் என்ற இரண்டும் இந்த வேறுபாட்டுக்கே வைத்த பெயர்கள். வண்ணம் என்பது ஓசையின் நிறம். இவ்விரண்டும் தளையோடு தொடர்பில்லாமல், எந்த எழுத்து மிகுகிறது என்பதைக் கொண்டே பெயர் பெறுகின்றன.

அடுத்தது காலம். மாத்திரை என்பது ஒலிப்புக்கு ஆகும் கால அளவு. கண்ணிமைக்கும் பொழுது அல்லது கைநொடிக்கும் பொழுது ஒரு மாத்திரை என்பது இலக்கண மரபு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை, குற்றியலுகரத்துக்கும் அரை. 391இல் நெடிலே இல்லை எனலாம். மூன்றாம் சீரின் இறுதியில் வரும் ஐகாரம் ஒன்றுதான் நெடில் வரிசையைச் சேர்ந்தது, அதுவும் சொல்லின் இறுதியில் குறுகி ஒரு மாத்திரையாக ஒலிப்பது. உயிரொலி 19இல் 15 வெறும் அகரம். இவ்வாறு குறிலே மிக்கு வருவதைக் குறுஞ்சீர் வண்ணம் என்பார் தொல்காப்பியர். 341இல் ஐந்து நெடில்கள் உள்ளன. அந்த ஐந்தும் முதலடியிலேயே இருக்கின்றன என்பதும், இரண்டாமடியில் ஒரு நெடில்கூட இல்லை என்பதும் கவனிக்கத்தக்கவை. எதெதிலிருந்து ஒருவன் விலகுகிறானோ என்று விரியும் பகுதி நெடிலால் நீள, அதனால் வரும் துன்பம் அவனுக்கு இல்லை என்று முடிக்கும் பகுதி குறிலால் சுருங்குகிறது.

மாத்திரையைக் கூட்டிப் பார்த்தால் 391க்கு ஏறத்தாழ 23, 341க்கு 28. எழுத்து அதே 27 என்றாலும் நேரம் ஒன்றல்ல என்பது இதனால் புலப்படும். இதைவிடச் சுவையான செய்தி அடிகளை ஒப்பிடும்போது கிடைக்கிறது. 391இன் முதலடி பதினான்கரை மாத்திரை. இரண்டாமடியில் குற்றியலுகரத்தைக் கணக்கிடும் முறையைப் பொறுத்து எட்டு அல்லது எட்டரை. 341இன் முதலடி பதினெட்டரை, இரண்டாமடி ஒன்பதரை. சீர்க் கணக்கில் இரண்டாமடி முதலடியின் முக்கால் பங்கு. கால அளவிலோ பாதிக்குச் சற்றே மேல். நான்குக்கு மூன்று என்று இலக்கணம் சொல்வதைக் காது இரண்டுக்கு ஒன்று என்று கேட்கிறது. குறளின் இரண்டாமடி திடீரென வந்து நின்றுவிடுவதாகத் தோன்றுவதற்கு ஒரு சீர் குறைந்திருப்பது மட்டும் காரணமாகாது. அங்கே வைக்கப்படும் சீர்களும் இவற்றில் குறுகியவை. இரண்டு பாடல்களைக் கொண்டு 1330க்கும் விதி செய்துவிடக் கூடாது என்பது உண்மைதான். காய்ச்சீர்கள் இரண்டாமடியில் வரும் குறள்களில் இந்தக் கணக்கு வேறாக அமையும்.

இனி 391ஐ மட்டும் எடுத்துக்கொண்டு சீர் சீராகப் பார்க்கலாம். முதலடியின் நான்கு சீரும் ககரத்தில் தொடங்குகின்றன. ஓரடியின் எல்லாச் சீரிலும் முதலெழுத்து ஒன்றி வருவது முற்றுமோனை. இரண்டாமடியின் முதற்சீர், முதலடியின் முதற்சீரோடு இரண்டாம் எழுத்தில், அதாவது றகர ஒற்றில் ஒன்றுகிறது, இது அடியெதுகை. எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றினால் போதும் என்றாலும் இங்கே மூன்றாம் எழுத்தும் ஒன்றி, முதலெழுத்து ஒன்றுதான் மாறுகிறது. கல் என்னும் வினையின் வியங்கோளும் நில் என்னும் வினையின் வியங்கோளும் அந்த இரண்டு இடங்களில் நிற்பதால், கற்பதும் கற்றபடி நிற்பதும் ஒரே எடையுள்ள இரண்டு கட்டளைகள் என்பதைப் பொருள் சொல்வதற்கு முன்பே ஓசை சொல்லிவிடுகிறது.

முதலடியில் கல் என்னும் வினை மூன்று முறை வருகிறது: கட்டளையாக ஒரு முறை, கற்கப்படும் பொருளின் பெயராக ஒரு முறை, கற்று முடித்த பின் என்னும் காலக் குறிப்பாக ஒரு முறை. அடியெங்கும் ஒரே முதலெழுத்து, அந்த அடிக்குள் ஒரே வினை திரும்பத் திரும்ப என்று பார்க்கும்போது, திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகுதலாகிய கல்வியின் செயலே அங்கே ஒலிக்கிறது எனலாம். இரண்டாமடிக்கு வந்ததும் மோனை அறுந்துவிடுகிறது. மூன்று சீரும் மூன்று வேறு எழுத்துகளில் தொடங்குகின்றன. சொன்னதைச் சொல்லும் வேலை முடிந்து செய்யும் வேலை தொடங்கும் இடத்தில் ஓசையும் ஒப்புவித்தலை விட்டுவிடுகிறது.

றகர ஒற்றின் இடம் இன்னும் நுட்பமானது. முதல், மூன்றாம், நான்காம், ஐந்தாம், ஆறாம் சீர்களின் நடுவில் றகர ஒற்று நின்று, அடுத்த வல்லினத்தோடு முட்டுகிறது. நாக்கு ஒவ்வொரு முறையும் மேலே தொட்டு ஒரு கணம் தடைப்பட்டே செல்ல வேண்டியிருக்கிறது. இந்தத் தடை இல்லாத சீர்கள் இரண்டே: இரண்டாம் சீரும் ஏழாம் சீரும். இரண்டாம் சீர் குற்றமில்லாமல் என்று கற்கும் முறையைச் சொல்வது. ஏழாம் சீர் அதற்கேற்ப என்று நிற்கும் முறையைச் சொல்வது. இரண்டும் அகரத்தில் முடியும் வினையெச்சங்கள். இரண்டும் 'எப்படி' என்னும் வினாவுக்கு விடை. கட்டளைகளும் கற்கும் பொருளும் தடைபட்டு ஒலிக்க, முறையைச் சொல்லும் இரண்டு சொற்கள் மட்டும் தடையின்றி ஒலிக்கின்றன. அதிலும் இரண்டாம் சீர் இப்பாடலின் ஒரே கருவிளம். நான்கு குறில் அகரம் இடையில் ஒற்றில்லாமல் தொடர்ந்து ஓடும் சீர். குற்றமறுதல் என்னும் பொருளை இதைவிட மாசின்றி ஒலிக்க முடியாது. இதை வள்ளுவர் எண்ணித் திட்டமிட்டார் என்று கூறுவதற்குச் சான்று எதுவும் இல்லை. கேட்பவர் காதில் அது நிகழ்கிறது என்று கூறச் சான்று வேண்டியதில்லை, பாடலே போதும்.

எழுத்தை எண்ணுவதோடு நின்றுவிட்டால் இங்கே ஒரு தவறு நேரும். 23 வல்லினம் என்பது ஏட்டுக் கணக்கு. தமிழில் வல்லின எழுத்து சொல்லின் முதலிலும், இரட்டிக்கும்போதும், றகர டகர ஒற்றுக்குப் பின்னும் வன்மையாக ஒலிக்கும். சொல்லின் நடுவில் இரண்டு உயிர்களுக்கு இடையே வரும்போது நெகிழ்ந்துவிடும். இரண்டாம் சீரின் நடுவில் உள்ள சகரமும் டகரமும் றகரமும் இவ்வாறு நெகிழ்ந்தவையே. அச்சீர் மென்மையாக ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. இப்பாடலில் ககர வரிசை ஒன்பது முறை வருகிறது. அவற்றுள் எட்டு, சொல்லின் முதலிலோ, றகர ஒற்றுக்குப் பின்னோ, இரட்டித்தோ நிற்பவை. ஒன்பதாவதான கடைசி ககரம் ஒன்றுதான் சொல்லுக்குள் இரண்டு உயிர்களுக்கு இடையே அகப்பட்டு நெகிழ்கிறது. பாடல் முழுவதும் இடித்துக்கொண்டே வந்த எழுத்து, கடைசி ஒலியில் இளகி நின்றுவிடுகிறது.

புணர்ச்சியும் இதற்குத் துணை நிற்கிறது. வியங்கோளுக்குப் பின் வல்லினம் மிகாது என்பது புணர்ச்சி விதி. ஆகவே முதற்சீருக்கும் இரண்டாம் சீருக்கும் இடையே ஒற்று இரட்டிக்கவில்லை. கட்டளை தனித்து நிற்கிறது, குரல் ஒரு நொடி அங்கே நின்று செல்ல இடம் இருக்கிறது. இரண்டாம் சீருக்கும் மூன்றாம் சீருக்கும் இடையிலும், ஆறாம் சீருக்கும் ஏழாம் சீருக்கும் இடையிலும் வல்லினம் மிகுந்து சீர்கள் இறுகப் பிணைகின்றன. எங்கே பிரிய வேண்டுமோ அங்கே விதி பிரிக்கிறது, எங்கே சேர வேண்டுமோ அங்கே விதி சேர்க்கிறது.

தளையின் பயனை ஓசை என்று மட்டும் கருதுவது சுருக்கிப் பார்ப்பதாகும். ஓலைச்சுவடியில் சொற்களுக்கு இடையே இடைவெளி இல்லை. புள்ளியும் பெரும்பாலும் இடப்படுவதில்லை. றகர ஒற்றும் றகர உயிர்மெய்யும் ஓலையில் ஒரே வரிவடிவம்தான். அப்படியானால் 391இல் எந்த றகரத்துக்குப் புள்ளி உண்டு என்பதைப் படிப்பவர் எப்படி அறிவார்? இரண்டாம் சீர் விளத்தில் முடிவதால் மூன்றாம் சீர் நேரில் தொடங்கியாக வேண்டும். அங்கே புள்ளி இல்லாமல் படித்தால் நிரையாகித் தளை தட்டும். நான்காம் சீரிலும் ஐந்தாம் சீரிலும் இதே நிலை. ஆறாம் சீரில் புள்ளி இல்லாவிட்டால் அது கருவிளமாகி, அடுத்து வரும் நிரையோடு மோதும். முதற்சீரை மட்டும் தளை காப்பாற்றாது, ஏனெனில் அங்கே புள்ளி இல்லாவிட்டாலும் புளிமாவுக்குப் பின் நிரை என்று தளை சரியாகவே இருக்கும். அந்த இடத்தில் ஐந்தாம் சீரோடு உள்ள எதுகை வந்து காப்பாற்றுகிறது. தளையும் தொடையும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பிப் பாடலைப் பிழையின்றிக் கடத்தி வந்திருக்கின்றன. யாப்பை வெறும் அணிகலன் என்று எண்ணுவோர் இந்த ஒரு குறளை ஓலையில் எழுதிப் பார்க்கலாம்.

341க்கு வந்தால் காட்சி முற்றிலும் மாறுகிறது. முதலடியின் முதலிரு சீரும் ஒரே சொல். இரண்டாமடியின் முதலிரு சீரும் ஒரே சொல். இரண்டாம் எழுத்தாகிய தகரம் இரண்டு அடியிலும் ஒன்றினாலும், முதலெழுத்து ஓரிடத்தில் நெடிலாகவும் மற்றோரிடத்தில் குறிலாகவும் இருப்பதால் இதைத் தூய அடியெதுகை என்று சொல்ல முடியாது. எதுகை செய்ய வேண்டிய வேலையை இங்கே சொல்லின் அடுக்கு செய்கிறது. ஏழு சீர்களில் ஆறு சீர்கள் னகர ஒற்றில் முடிகின்றன. விலக்கு நான்காம் சீர் மட்டும். அது துன்புறுதலைக் குறிக்கும் சொல். லகர ஒற்றில் முடிவது. லகரம் இப்பாடலில் இன்னும் ஓரிடத்தில் மட்டும் வருகிறது, அதுவும் இல்லை என்று மறுக்கும் கடைசிச் சீரில். துன்பத்தைச் சொல்லும் சொல்லும் அதை மறுக்கும் சொல்லும் பிற சீர்களில் இல்லாத ஓர் எழுத்தைத் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றன.

இந்தக் குறளைச் சொல்லும்போது உதடுகள் ஒட்டுவதில்லை என்பது மேடைகளில் அடிக்கடி கேட்கும் செய்தி. பற்றை விட்டவனைப் பற்றிய பாடல் ஆதலால் உதடும் ஒன்றையொன்று பற்றவில்லை என்று விளக்கம் சொல்வார்கள், கைதட்டலும் கிடைக்கும். செய்தி உண்மைதான்: பகரம், மகரம், வகரம் எதுவும் இதில் இல்லை. ஆனால் நிரோட்டம் என்னும் சொல்லணியின் கண்டிப்பான இலக்கணம் உதடு ஒட்டாமையோடு உதடு குவியாமையையும் வேண்டும். உகரம், ஒகரம், அவற்றின் நெடில், ஔகாரம் ஆகியவையும் விலக்கு. 341இல் உதடு ஓரிடத்தில் குவிகிறது. அந்த இடம் நான்காம் சீரின் முதலெழுத்து, ஓகாரம். அதாவது மறுபடியும் துன்பத்தைச் சொல்லும் அதே சொல். மேடைச் செய்தியைவிட இந்த விதிவிலக்கே அழகானது என்று தோன்றுகிறது. ஆறு சீர்களில் அசையாமல் இருந்த உதடு துன்பம் என்ற சொல்லுக்கு மட்டும் அசைகிறது.

நான்காம் சீர் இப்படித் தனித்து நிற்பதற்கு ஒரு வடிவக் காரணமும் உண்டு. 341இன் பொருள் அடியின் இறுதியில் முறியவில்லை. மூன்றாம் சீரின் முடிவில் முறிகிறது. விலகியவன் என்னும் எழுவாய் மூன்று சீர். துன்பம் இல்லாதவன் என்னும் பயனிலை நான்கு சீர். 391இலும் அதுவே நிலை. கற்க வேண்டியவற்றைக் குற்றமறக் கற்க என்னும் முதல் தொடர் மூன்று சீரில் முடிந்துவிடுகிறது. கற்ற பின் என்று தொடங்கும் இரண்டாம் தொடர் நான்கு சீர் கொள்கிறது. பரிமேலழகரின் உரை இந்தப் பொருள் முறிவைப் பின்பற்றியே செல்கிறது. யாப்பு நான்கு, மூன்று என்று பிரிக்க, பொருள் மூன்று, நான்கு என்று பிரிக்கிறது. நான்காம் சீர் கதவின் கீல் போல இரண்டு பலகையிலும் பதிந்திருக்கிறது: யாப்பால் முதலடிக்கு உரியது, பொருளால் இரண்டாமடிக்கு உரியது. 391இல் ககர மோனை அதை முதலடியோடு கட்டிவைக்க, பொருள் அதைக் கீழே இழுக்கிறது. மாத்திரைக் கணக்கையும் பொருள் முறிவின்படி மீண்டும் போட்டுப் பார்த்தால், கற்றலைச் சொல்லும் தொடருக்குப் பத்தரை மாத்திரையும் நிற்றலைச் சொல்லும் தொடருக்குப் பன்னிரண்டுக்குக் குறையாத மாத்திரையும் கிடைக்கின்றன. அடியாகப் பார்க்கும்போது பாதியாகச் சுருங்கிய நடைமுறை, தொடராகப் பார்க்கும்போது கல்வியைவிட நீண்டுவிடுகிறது.

துறவு அதிகாரத்தின் கடைசிக் குறளான 350, முதற்குறளுக்கு நேர் எதிராக உதடுகளை ஓயாமல் ஒட்டவைப்பது. பற்று என்னும் சொல் அதன் ஏழு சீர்களில் ஆறில் வருகிறது. பகர வரிசை எட்டு முறையும் றகர வரிசை பதினைந்து முறையும் 31 எழுத்துக்குள் அடுக்கப்பட்டிருக்கின்றன. தேமாங்காய் இரண்டு முறை வருவதால் இதன் ஓசை ஒழுகிசைச் செப்பல். இந்தப் பெயர் சொல்லும் ஒழுக்கம் அதன் ஒலியில் எங்கே இருக்கிறது என்று தேடினால் கிடைப்பது அரிது. அடுக்கடுக்கான றகர இரட்டிப்பில் நாக்கு முடிச்சிட்டுக்கொள்கிறது. அந்த இரட்டிப்பைத் தமிழ்நாட்டில் பலர் சற்றே உருட்டி ஒலிப்பர். யாழ்ப்பாணத் தமிழில் அது உருட்டல் இல்லாத வெடிப்பொலியாகவே வாழ்கிறது. ஆகவே இந்தக் குறள் யாழ்ப்பாணத்தார் வாயில் இன்னும் இறுக்கமாகக் கேட்கும்.

இங்கும் பொருள் மூன்றாம் சீரில் முறிகிறது. நான்காம் சீர் சுட்டு அகரத்தில் தொடங்குகிறது; அதுவரை மூன்று சீரும் பகரத்தில் தொடங்கி வந்திருக்க, கீல் இருக்கும் இடத்தில் முதலெழுத்து மாறுகிறது. பகரத்தில் தொடங்காத இன்னொரு சீர் ஏழாவது. விடுதலைக் குறிக்கும் அந்தச் சீரில் பற்று என்னும் சொல்லே இல்லை; குற்றியலுகரத்தில் முடியும் 'பிறப்பு' என்னும் வாய்பாடு அது. அகரத்தில் திறந்து முடியும் 391, னகர ஒற்றில் மூடி முடியும் 341 ஆகியவற்றுக்கு மாறாக, இது அரை மாத்திரை உகரத்தில் தேய்ந்து முடிகிறது. மாத்திரைக் கணக்கில் இதன் இரண்டாமடி முதலடியின் சரிபாதி. கடைசிச் சீர் பற்றிலிருந்து முழுக்க விடுபட்டுவிட்டதாகச் சொல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பகரம் போய்விட்டாலும் பற்று என்னும் சொல்லின் றகர ஒற்று அந்தச் சீரிலும் ஒன்று மிச்சமிருக்கிறது.

தொல்காப்பியர் செய்யுளின் உறுப்புகளாக 34ஐ எண்ணும்போது மாத்திரையை முதலில் வைத்தார். வண்ணத்தையும் நோக்கையும் தனி உறுப்புகளாகச் சேர்த்தார். நோக்கு என்பது மாத்திரை முதலாக அடி வரையிலான எல்லாவற்றையும் திரும்பிப் பார்க்க வைக்கும் அமைப்பு. பிற்காலத்தார் எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று ஆறாகச் சுருக்கியபோது கற்பதற்கு எளிமை கிடைத்தது. மாத்திரையும் வண்ணமும் நோக்கும் வகுப்பறையிலிருந்து வெளியேறின. காரிகையின் மீது குறை காண்பது நோக்கமன்று. வெண்பா எழுதக் கற்பவருக்கு அதுவே போதும். எழுதப்பட்ட வெண்பா ஏன் அப்படி ஒலிக்கிறது என்று கேட்பவருக்குப் போதாது.

இவற்றை வாய்விட்டுப் படிக்கும்போது நிறுத்தம் எங்கே என்பதில் மட்டும் ஒரு முடிவுக்கு வருவது கடினம். அச்சுப் பதிப்புகள் நான்காம் சீரில் அடியை முடிப்பதால் பள்ளிகளில் அங்கேயே நிறுத்திச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அப்போது மோனையும் எதுகையும் பளிச்சென்று கேட்கும், பொருள் ஒரு சீர் தள்ளிப் போகும். உரையின் வழியே சென்று மூன்றாம் சீரில் நிறுத்தினால் பொருள் தெளியும், அடுத்த அடியின் முதலில் வரும் எதுகை நடுவழியில் வந்ததுபோல மங்கும். நல்ல வாசிப்பாளர்கள் மூன்றாம் சீரில் குரலைத் தாழ்த்தி, நிறுத்தாமல் நான்காம் சீரைச் சற்றே ஏற்றிச் சொல்லி, அதன் பிறகு அடியை முறிக்கிறார்கள்.